உங்கள் சதைக்கும் கணக்குப் பார்க்கத் தெரியும்!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்தப் பாலாற்றுப் பக்கத்து ஊர்களில் இருக்கும் எங்களுக்குத் தோல் என்றால் சோறு. டேனரிக்கு வருகிற ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் சுண்ணாம்பில் ஊறப் போட்டு, மயிரைப் போக்கி, உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் சதையை வழித்து எறிந்துவிடுவார்கள். காசெல்லாம் தோலுக்குத்தான். சதைக்கு அங்கே மதிப்பு கிடையாது.

உயிரோடு நடமாடுகிற உடம்பில் கதை நேர் தலைகீழ். அங்கே வரவு செலவு முழுக்கச் சதையின் கையில்தான் இருக்கிறது. அந்தச் சதை எப்படிக் கணக்குப் பார்க்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். "நமக்கெதுக்கு இந்த விஞ்ஞானமெல்லாம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காரணம் இருக்கிறது.

எங்கள் தெருவில் நாலு பெண்கள் கூடினால் இப்போது சர்க்கரைப் பேச்சுதான். ஒருத்திக்கு இருக்கிறது, ஒருத்திக்கு 'பார்டர்ல' இருக்கிறது, ஒருத்திக்குப் பிரசவத்தின்போது வந்துவிட்டுப் போயிருக்கிறது. டாக்டர் நடக்கச் சொல்கிறார். ஆசையாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். மூன்று மாதம் போகிறது. அப்புறம் கேட்டால், "இன்னாக்கா நடந்து இன்னா பிரயோஜனம்? மிஷின்ல ஏறி நின்னா முள்ளு அதே எடத்துலதான் நிக்குது" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் மனசு பதறும். ஏனென்றால் அந்த மூன்று மாதத்தில் அவர்களுடைய தொடைச் சதைக்குள் எவ்வளவோ வேலை நடந்திருக்கிறது. அதைக் காட்டுகிற முள் எடை மிஷினில் கிடையாது.

பெண்களுக்கு உடம்பு எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் தசை. நாம் சாப்பிடும் சோறு, இட்லி, பரோட்டா எல்லாம் கடைசியில் குளுகோஸ் சர்க்கரையாகி ரத்தத்தில் வந்து சேருகிறது. கணையத்திலிருந்து புறப்படும் இன்சுலின் ஒவ்வொரு வாசலாகப் போய்த் தட்டுகிறது. தட்டியதும் கதவைத் திறந்து அந்தச் சர்க்கரையில் பெரும்பங்கை உள்ளே வாங்கிக்கொள்வது இந்தத் தசைதான். அந்தக் கதவுக்கு 'குளூட்-4' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தக் கதவுகள் எப்போதும் வாசலில் இருப்பதில்லை. தசைக்குள் சின்னச் சின்னப் பைகளில் மடித்து வைத்திருக்கிறது. இன்சுலின் தட்டும்போதுதான் மேலே வரும். உட்கார்ந்தே இருக்கும் உடம்பில், கொழுப்பும் கூடிவிட்டால், தட்டுகிற சத்தம் தசையின் காதில் விழுவதில்லை. சர்க்கரை தெருவிலேயே நின்றுவிடுகிறது. சர்க்கரை நோயின் ஆரம்பம் பெரும்பாலும் இப்படித்தான்.

ஆனால் தசைக்கு இன்னொரு காது உண்டு.

காலி டப்பாக்களை எண்ணுகிறவள்

உடம்பில் எந்த வேலை நடந்தாலும் அதற்குச் செலவாகிற நாணயம் ஒன்றுதான். அதன் பெயர் ஏ.டி.பி. மூன்று பாஸ்பேட் துண்டுகளை வால் மாதிரி கோத்துக்கொண்டிருக்கும் ஒரு பொருள். ஒரு துண்டு கழன்று விழும்போது அந்தச் சக்தியில் தசை சுருங்குகிறது. மிச்சம் இரண்டு துண்டு உள்ளது ஏ.டி.பி-யின் தங்கை. அதையும் ஏ.டி.பி. என்றே சொன்னால் குழம்பும் என்பதால், 'அரை டப்பா' என்று வைத்துக்கொள்வோம்.

எந்த நேரத்தில் பார்த்தாலும் நம் உடம்பில் உள்ள ஏ.டி.பி. கால் கிலோவைத் தாண்டாது. ஆனால் ஒரு நாளைக்குச் செலவாவதோ ஏறக்குறைய நம் எடை அளவு! எப்படி என்கிறீர்களா? செலவாகச் செலவாக மறுபடி மறுபடி நிரப்பிக்கொண்டே இருக்கிறது. நம் வீட்டில் ஐந்நூறு ரூபாய் வந்த வழியே போவது மாதிரிதான்.

வேகமாக நடக்கிறீர்கள், மாடிப்படி ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். செலவு கூடுகிறது, நிரப்புவது பின்தங்குகிறது. அரை டப்பாக்கள் சேர்ந்துபோகின்றன. அப்போது தசை என்ன செய்கிறது தெரியுமா? மாசக் கடைசியில் நாம் செய்வதையேதான். இரண்டு டப்பாவில் அரைகுறையாகக் கிடக்கும் துவரம்பருப்பை ஒன்றில் கொட்டி நிரப்பிவிட்டுக் காலி டப்பாவைத் தனியே எடுத்து வைக்கிறோம் இல்லையா? அதே கதை. இரண்டு அரை டப்பாவிலிருந்து ஒரு முழு ஏ.டி.பி.; மிச்சம் ஒரு காலி டப்பா. இந்தக் காலி டப்பாவின் பெயர் ஏ.எம்.பி.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அலமாரியில் முப்பது நிறைந்த டப்பா இருபத்தேழு ஆனால் யார் கண்ணிலும் படாது. ஆனால் நேற்று ஒன்றுகூட இல்லாத இடத்தில் இன்று நாலு காலி டப்பா நின்றால் பளிச்சென்று தெரியும். ஏ.டி.பி. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஏ.எம்.பி. பல மடங்கு ஏறிவிடுகிறது. இந்தக் காலி டப்பாக்களையே கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு என்சைம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. அதுதான் ஏ.எம்.பி.கே. என்னைக் கேட்டால், சமையலறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட கெட்டிக்கார மாமியார் என்பேன். கருமி அல்ல, கணக்கு தெரிந்தவள்.

இவளைக் கண்டுபிடித்த கதையும் சுவாரஸ்யமானது. 1973-ல் இரண்டு வெவ்வேறு ஆய்வுக்கூடங்களில் இரண்டு குழுவினர், ஒருவர் கொழுப்புத் தயாரிப்பை நிறுத்தும் ஒரு புரதத்தையும், இன்னொருவர் கொலஸ்டிரால் தயாரிப்பை நிறுத்தும் ஒரு புரதத்தையும் பார்த்தார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று புரிய 1987 வரை ஆயிற்று. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் கிரகாம் ஹார்டி என்பவரின் குழு அதைக் காட்டியது. 1996-ல் அவரும், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் விண்டரும் எலிகளை ஓட விட்டு, ஓடும்போது அவற்றின் தசைக்குள் இந்த என்சைம் விழித்துக்கொள்வதை எடுத்துச் சொன்னார்கள்.

மாமியார் விழித்ததும் முதலில் செய்வது அவசரக் காரியங்கள். "இப்ப பலகாரம் ஒண்ணும் வேணாம்" என்று கொழுப்பும் கொலஸ்டிராலும் தயாரிப்பதை நிறுத்துகிறாள். இருக்கிற கொழுப்பை எடுத்து எரிக்கச் சொல்கிறாள். வேலை செய்கிற தசையில், இன்சுலின் வந்து தட்டாமலே குளூட்-4 கதவுகள் மேலே வந்துவிடுகின்றன. இதை இரண்டு முறை படியுங்கள். இன்சுலினுக்குக் காது கேட்காமல் போன தசைகூட, வேலை செய்யும்போது தானே கதவைத் திறந்துவிடுகிறது. சர்க்கரை இருப்பவர்களை நடக்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு அதிசயமாகப் படுகிறது.

கிளிப் போட்ட சமையல் நோட்டு

ஜீன் என்றதும் "எங்க அப்பாவுக்கு இருந்தது, அத்தைக்கு இருந்தது, எனக்கும் வந்துதானே தீரும்" என்று தலையெழுத்தாக நினைத்துக்கொள்கிறோம். ஜீன்களை ஒரு சமையல் குறிப்பு நோட்டு என்று எண்ணிப் பாருங்கள். பாட்டி காலத்து நோட்டு, இருபதாயிரம் பண்டம் எழுதியிருக்கிறது. கண்ணில் இருக்கும் செல்லிலும், ஈரலில் இருக்கும் செல்லிலும், கெண்டைக்கால் சதையில் இருக்கும் செல்லிலும் அதே நோட்டுதான். எந்தப் பக்கத்தைத் திறந்து படிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். நோட்டில் எழுதியிருப்பதை நாம் மாற்ற முடியாது. ஆனால் எந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும் என்பதில் நமக்கும் கொஞ்சம் கை உண்டு.

குளூட்-4 கதவு செய்யும் முறை எழுதிய பக்கத்துக்கு தசைக்குள் ஒரு கிளிப் போட்டிருக்கிறது. எச்.டி.ஏ.சி.-5 என்கிற புரதம் அது. கிளிப் இருக்கும்வரை பக்கம் இறுகியே கிடக்கும், படிக்க முடியாது. நீங்கள் வேகமாக நடந்து காலி டப்பாக்கள் சேரும்போது ஏ.எம்.பி.கே. நியூக்ளியஸுக்குள் வந்து அந்தக் கிளிப்பின்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. கிளிப் கழன்று நியூக்ளியஸை விட்டே வெளியேறுகிறது. பக்கம் திறக்கிறது. படிப்பவர்கள் படித்து, நகலெடுத்து, கதவு செய்யும் வேலை ஆரம்பமாகிறது. 2008-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் ஆய்வாளர்கள் இந்தக் கிளிப் விவகாரத்தைத் தசை செல்களில் காட்டினார்கள். மறு வருடம், ஒரு மணி நேரம் சைக்கிள் மிதித்த மனிதர்களின் தொடையிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தபோதும், நியூக்ளியஸில் கிளிப் குறைந்திருந்தது.

இன்னொருவரையும் மாமியார் கூப்பிட்டு அனுப்புகிறாள். டேனரியில் மேஸ்திரி இருப்பாரே, அவர் சொன்னால்தானே ஆட்கள் நகருவார்கள்? தசையில் அப்படி ஒரு மேஸ்திரி, பி.ஜி.சி.-1 ஆல்ஃபா. இவர் பக்கத்துக்குப் பக்கம் நடந்து, மைட்டோகாண்ட்ரியா கட்டும் குறிப்புகளையெல்லாம் படிக்க வைக்கிறார். மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் இருக்கும் அடுப்பு. கொழுப்பையும் சர்க்கரையையும் போட்டு எரித்து ஏ.டி.பி. எடுப்பது அங்கேதான். ஒரே அடுப்பில் இருபது பேருக்குச் சமைத்துப் பாருங்கள், மூச்சு வாங்கும். நாலு அடுப்பு இருந்தால்? முதல் வாரம் கோட்டை அகழியை ஒரு சுற்று வரும்போது மூச்சிரைத்தவள் இரண்டாவது மாதம் பேசிக்கொண்டே இரண்டு சுற்று வருகிறாளே, அது வெறும் பழக்கம் மட்டும் இல்லை. சதைக்குள் அடுப்பு கூடியிருக்கிறது.

இந்த ஒரு மாமியார்தான் எல்லாவற்றையும் செய்கிறாள் என்று எண்ண வேண்டாம். தசை சுருங்கும்போது வெளியாகும் கால்சியமும் தனியாக ஒரு மணி அடித்து அதே பக்கங்களைத் திறக்க வைக்கிறது. ஏ.எம்.பி.கே-யை முடக்கி வைத்த எலிகளிலும் ஓட்டத்துக்குப் பிறகு குளூட்-4 கூடத்தான் செய்கிறது. இவ்வளவு முக்கியமான காரியத்துக்கு உடம்பு ஒரே ஆளை நம்பியிருக்கவில்லை.

மனசில் வைத்துக்கொள்ள வேண்டியது இதன் காலக்கணக்கு. நடந்து முடித்த பிறகு சில மணி நேரம் நகலெடுப்பு மும்முரமாக நடக்கிறது. மறுநாளைக்குள் தணிந்துவிடுகிறது. இன்சுலினுக்குத் தசை காது கொடுக்கிற அந்த நல்ல குணம் ஒரு நாள், இரண்டு நாள் நிற்கும். நன்றாகப் பயிற்சி செய்தவர்கள்கூட ஒரு வாரம் பத்து நாள் உட்கார்ந்துவிட்டால் கதவு குறைந்துபோகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏலகிரிக்குப் போய் மூச்சு முட்ட ஏறிவிட்டு ஆறு நாள் உட்காருவது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டைப் பெருக்குவது மாதிரி. தொடர்ந்து இரண்டு நாள் சும்மா இருக்காதீர்கள் என்று டாக்டர்கள் சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

ஒல்லிக்குச்சி என்று ஏமாறாதீர்கள்

எலியும் சைக்கிளும் இருக்கட்டும், நம் ஊருக்கு வருவோம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளின் எடை, உயரத்தையெல்லாம் எழுதி வைத்தார்கள். பல ஆயிரம் குழந்தைகள். அவர்களில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரை, முப்பது வயதை ஒட்டி இருக்கும்போது தேடிப் பிடித்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பரிசோதித்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆட்கள் குண்டு இல்லை. பெரும்பாலோர் மெலிந்த உடம்புக்காரர்கள்தான். அப்படியும் நகரத்தில் நூற்றுக்குச் சுமார் பத்தொன்பது பேருக்கும், கிராமத்தில் சுமார் பதினாலு பேருக்கும், சாப்பிட்ட பிறகு சர்க்கரை இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை. சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசற்படியில் நிற்கிறது. முப்பது வயதுக்குள்!

ஒல்லியாக இருப்பவருக்கு ஏன்? இதற்கு புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக்கின் ஆராய்ச்சி ஒரு விடை சொல்கிறது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. நம் குழந்தையின் அந்த முக்கால் கிலோ குறைவு எங்கே என்று பார்த்தால், தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் அவ்வளவாகக் குறைவில்லை, சதையில்தான் குறைவு. நம்மவர்கள் பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்புக்காரர்கள். சதைப் பிடிப்பு குறைவு என்றால் சர்க்கரையை வாங்கி வைக்கும் வீடே சின்னது என்று அர்த்தம். சின்ன வீட்டுக்குக் கதவாவது கூடுதலாக வேண்டாமா? "நான் ஒல்லிதானே, எனக்கெதுக்கு நடை?" என்று கேட்கும் தங்கைகளுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

2023-ல் வெளிவந்த அகில இந்தியக் கணக்கின்படி நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் வாசற்படியில். அதே ஆய்வுக்காரர்கள் 2014-ல் வெளியிட்ட இன்னொரு கணக்கில், பார்த்த பதினாலாயிரம் பேரில் பாதிக்கு மேல் உடலுழைப்பே போதாதவர்கள். விளையாட்டு, நடை என்று தனியாக நேரம் ஒதுக்கியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை.

சென்னையில் 531 பேர்

எடை மிஷின் முள்ளுக்கு வருகிறேன். சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவரோடு வேலை செய்தவர்களும், சர்க்கரை வாசற்படியில் நின்ற 531 பேரை நாலு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாவது குழுவுக்குச் சாப்பாட்டில் ஒழுங்கு, தினம் அரை மணி நேரம் வேக நடை. மூன்றாவது குழுவுக்கு மெட்பார்மின் மாத்திரை, 250 மில்லிகிராம் இரண்டு வேளை. நாலாவது குழுவுக்கு மாத்திரையும் நடையும் சேர்த்து. மூன்று வருடம் பார்த்து 2006-ல் முடிவைச் சொன்னார்கள். முதல் குழுவில் நூற்றுக்கு 55 பேர் சர்க்கரை நோயாளி ஆகிவிட்டார்கள். நடந்தவர்களில் 39.3, மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5, இரண்டும் செய்தவர்களில் 39.5.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். நடந்த குழுவில் எடை ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. முள் அங்கேயேதான் நின்றது! அப்படி இருந்தும் பலன் கிடைத்தது. எடை குறையாமலே தசை இன்சுலினுக்குக் காது கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. "நடந்து என்ன பிரயோஜனம்" என்று நிறுத்திவிட்ட நம் பெண்களுக்கு இதைவிட நேரான பதில் வேறு என்ன இருக்கிறது?

இரண்டாவது, மாத்திரையும் நடையும் சேர்ந்தால் இரண்டு பங்கு லாபம் வரும் என்று நாம் நினைப்போம். வரவில்லை. 2001-ல் மெட்பார்மினும் இதே ஏ.எம்.பி.கே-யை எழுப்புகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். இருவரும் ஒரே கதவைத் தட்டினால் சத்தம் இரட்டிக்காதுதானே? ஆனால் மெட்பார்மின் முக்கியமாக ஈரலில் வேலை செய்கிறது, குடலிலும் வேலை செய்கிறது, ஏ.எம்.பி.கே. இல்லாத வழியிலும் செய்கிறது. ஆகவே இந்தச் சென்னைக் கணக்கை வைத்து அப்படியே முடிவு கட்டிவிட முடியாது. ஒன்று மட்டும் நிச்சயம். மாத்திரை சாப்பிடுகிறவர் நடையை விடலாம் என்றோ, நடக்கிறவர் தானாக மாத்திரையை நிறுத்தலாம் என்றோ இதற்கு அர்த்தம் இல்லை. அந்த 531 பேர் இன்னும் நோயாளி ஆகாதவர்கள். நோய் வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்கக் கூடாது. தசையில் அடுப்பு கூடுவதும், மூச்சு நீளுவதும், எலும்பு உறுதிப்படுவதும் நடந்தால்தான் கிடைக்கும்.

(அந்த 531 பேரில் பெண்கள் எத்தனை தெரியுமா? 110. நமக்கு எதற்குத்தான் நேரம் கிடைத்திருக்கிறது?)

நடக்காமலே நடந்த பலனைத் தரும் மாத்திரைக்கும் ஆள் முயன்று பார்த்தாயிற்று. 2008-ல் அமெரிக்காவில் சால்க் நிலையத்தில் ஏ.எம்.பி.கே-யைத் தூண்டும் ஒரு மருந்தை நாலு வாரம் கொடுத்ததும், பயிற்சியே செய்யாத எலிகள் நூற்றுக்கு 44 பங்கு அதிகம் ஓடினவாம். பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. விளையாட்டு வீரர்கள் தின்றுவிடப் போகிறார்களே என்று அதைத் தடை செய்த மருந்துப் பட்டியலில் சேர்த்ததுதான் கண்ட பலன். மருந்துக் கடையில் அது வரவில்லை. நாம் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

எவ்வளவு, எப்படி?

"நாள் பூரா வீட்டு வேலை செய்றேனே, அது போதாதா?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். அம்மிக்கல், ஆட்டுக்கல், கிணற்று ராட்டினம், தலையில் குடம் என்று இருந்த காலத்தில் போதும். இப்போது மிக்ஸி அரைக்கிறது, குழாயில் தண்ணீர் வருகிறது. நாம் சோர்ந்துபோவது உண்மை. ஆனால் நின்றுகொண்டே சோர்வது வேறு, தசைக்குள் காலி டப்பா சேருவது வேறு. மெதுவாகச் செலவழித்தால் கூடவே நிரம்பிக்கொண்டும் இருக்கும். மாமியார் கண்ணில் படாது. கொஞ்சம் மூச்சு வாங்க வேண்டும். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் சரியானது. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதோடு வாரம் இரண்டு நாள் சதைக்குப் பலம் தரும் வேலையும் சொல்கிறார்கள். அதற்கு ஜிம்முக்குப் போக வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்து, மறுபடி உட்கார்ந்து எழ, பத்துப் பன்னிரண்டு தடவை செய்தால் தொடை தானே சொல்லும்.

அரை மணி ஒரேயடியாகக் கிடைக்காவிட்டால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்துக்கொள்ளலாம். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் நடப்பது சர்க்கரை எகிறுவதை நன்றாக அடக்குகிறது. எங்கள் ஊரில் கல்யாண வீட்டு பிரியாணியை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசு வராது, எனக்கும் வராது. அளவாகச் சாப்பிட்டுவிட்டு, உடனே பாயில் சாயாமல் கால் மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.

எனக்கு அதிகக் கவலை ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களைப் பற்றித்தான். விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு, கம்பெனி பஸ்ஸில் ஏறி, மிஷினில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை காலில் மிதியைத் தவிர அசைவே இல்லை. வீட்டிலேயே திண்ணையில் உட்கார்ந்து கையால் ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுப்பவர்களும் இந்தப் பக்கத்தில் ஏராளம். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. எழுந்தால் காசு போச்சு. அவர்களிடம் போய் 'தினம் அரை மணி பார்க்கில் நடங்கள்' என்று சொல்வது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம் காம்பவுண்டுக்குள் இரண்டு பேராகச் சேர்ந்து வேகமாக நடக்கலாம். பஸ்ஸை ஒரு நிறுத்தம் முன்னதாக விட்டு இறங்கலாம். வீட்டில் தைப்பவர்கள் ஒவ்வொரு கட்டு முடிந்ததும் எழுந்து மாடிப்படி ஏறி இறங்கலாம். ஓர் உட்காருதலை உடைத்தாலே தசைக்குச் செய்தி போகிறது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பத்தின்போது 75 கிராம் குளுகோஸ் குடிக்கச் சொல்லி இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். சென்னை டாக்டர் வி. சேஷய்யா பல வருடம் வலியுறுத்திக் கொண்டுவந்த சோதனை இது. 140 அல்லது அதற்கு மேல் காட்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை. பிரசவத்துக்குப் பின் அது பெரும்பாலும் மறைந்துவிடும், ஆனால் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். ஆறு வாரத்தில் ஒரு முறையும், பிறகு வருடா வருடமும் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் சம்மதித்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டே நடக்க ஆரம்பியுங்கள்.

இன்சுலின் ஊசி போடுகிறவர்களும், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் சில மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களும் நடக்கும்போது மயக்கம் வரக்கூடும். எது எப்படி என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, முந்தானையில் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரை முடிந்துகொண்டு போங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கையில் வலி என்றால் நடையை அங்கேயே நிறுத்துங்கள்.

செருப்பைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊர்க்காரி எப்படி முடிப்பது? உலகமெல்லாம் போட்டு நடக்கும் ஷூக்களை இங்கே தைக்கிறோம். நாம் மட்டும் தேய்ந்த ரப்பர் செருப்போடு, பாதிப் பேர் வெறுங்காலோடு. பல வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போகும், முள் குத்தினாலும் தெரியாது. மரத்த பாதத்துக்கு எப்படிச் செருப்பு வேண்டும் என்பதை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்ததில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1946-ல் சி.எம்.சி-க்கு வந்த டாக்டர் பால் பிராண்டும், பக்கத்துக் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியும் தொழுநோயாளிகளுக்காக மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்த காலணிகளைச் செய்து பார்த்தார்கள். அந்த அனுபவத்தைத்தான் பிராண்ட் பிறகு அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளுக்கும் கொண்டுபோனார். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டால் இப்போதும் கிடைக்கும். சாயங்காலத்தில் பாதம் சற்று வீங்கியிருக்கும், அந்த நேரத்தில் போய் அளவு பார்த்து வாங்குங்கள். விரலிடுக்கில் வார் நுழையாமல், பின்னால் பட்டை உள்ளதாக இருக்கட்டும். ஒவ்வொரு தடவையும் போடும் முன் கையை உள்ளே விட்டு, ஆணி, கல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுக் காலை நுழையுங்கள்.